நர்ஸ் கையில் மருந்தும் வேண்டும், உரிமையும் வேண்டும்

ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளிக்குத் தலை சுற்றுகிறது. தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ் செலவோடு ஒரு நாள் கூலியும் போயிற்று. வரிசையில் காத்துக் கிடந்து டாக்டர் முகத்தைப் பார்ப்பது இரண்டு நிமிஷம். ஆகவே அவர் போவதில்லை. நாற்று நடும் பெண்களும் போவதில்லை. ரத்தக் கொதிப்பும் சர்க்கரை வியாதியும் சத்தமில்லாமல் வளர்ந்து, கை கால் விழுந்த பிறகுதான் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

இந்நிலையில், தக்க பயிற்சி பெற்ற நர்ஸே நோயாளியைப் பரிசோதித்து, மருந்து கொடுத்து, தன்னால் ஆகாததை டாக்டரிடம் அனுப்பும் ஏற்பாட்டை நாம் வரவேற்கிறோம். இது நேற்று முளைத்த சங்கதியல்ல. 1965ல் அமெரிக்காவின் கொலராடோ சர்வகலாசாலையில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற டாக்டரும் குழந்தை வைத்தியத்துக்காக இதைத் தொடங்கினார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் என்று அதற்குப் பெயர்.

"நர்ஸுக்கு என்ன தெரியும்?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. வைத்திய ஆராய்ச்சிகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் என்ற சர்வதேச ஸ்தாபனம் 2018ல் 18 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. ஆரம்ப வைத்தியத்தில் நர்ஸ் பார்த்த நோயாளிகள், டாக்டர் பார்த்தவர்களுக்குக் குறைவாகக் குணமடையவில்லை. ரத்தக் கொதிப்பில் சற்று மேலாகவே இருக்கக்கூடும் என்று கண்டது. அநேகமாக எல்லாம் பணக்கார நாடுகளில் நடந்த பரிசோதனைகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஒரு விஷயம் எங்கும் பொருந்தும். நர்ஸ் கூடுதல் நேரம் உட்கார்ந்து பேசுகிறார். மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று கேட்க நேரம் வேண்டும். வாங்கக் காசில்லை என்று சொல்ல நோயாளிக்குத் தைரியம் வரவேண்டும்.

நம் நாட்டில் 2018 முதல் துணை சுகாதார நிலையங்களில் இத்தகைய வேலைக்கு நர்ஸ்களை அமர்த்தி வருகிறார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அமெரிக்காவில் நர்ஸ் படிப்புக்கு மேல் முதுநிலைப் படிப்பு கேட்கிறார்கள்; இங்கே ஆறு மாதப் பயிற்சி. அதிலும் பெரும்பாலோர் காண்டிராக்ட் ஊழியர்கள்! தமிழ்நாட்டில் 2015ல் தேர்வு எழுதி ஆஸ்பத்திரி வேலைக்கு வந்த நர்ஸ்களுக்கு ஆரம்பத்தில் மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடியதை நாம் மறக்கவில்லை. ஊரார் உயிரைக் காக்கும் பெண்ணுக்கு அடுத்த வருஷம் வேலை உண்டா என்பதே நிச்சயமில்லை என்றால், இது யாருடைய சிக்கனம்?

டாக்டர் பணியிடத்தைக் காலியாக வைத்துவிட்டு, பாரத்தை நர்ஸ் தலையில் கட்ட இந்த ஏற்பாடு சாக்காகிவிடக் கூடாது. நர்ஸும் வேண்டும், அவர் அனுப்பும் நோயாளியைப் பார்க்க டாக்டரும் வேண்டும். பயிற்சியை நீட்டிக்க வேண்டும், வேலையை நிரந்தரமாக்க வேண்டும், மருந்துப் பெட்டி காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சர்க்காரைக் கோருகிறோம்.

கிளைத் தோழர்கள் இந்த மாதமே தங்கள் ஊர்த் துணை நிலையத்துக்குப் போகட்டும். நர்ஸ் இருக்கிறாரா, கொதிப்பு மாத்திரை முழு மாதத்துக்கும் கிடைக்கிறதா, அவருக்குச் சம்பளம் தேதியில் வருகிறதா என்று கேட்டு நமக்கு எழுதுங்கள்.