தேனி வெயிலில் கார் ஹீட்டரா? ஆமாம்!

தேனிக்காரன் ஒருத்தன் காரில் ஹீட்டர் மாட்டணும் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். "ஏண்டா, இருக்கிற வெக்கை பத்தலையா?" என்பார்கள். ஆனால் போடி, கம்பம், சின்னமனூர் பக்கத்து ஆட்கள் அவ்வளவு சீக்கிரம் சிரிக்க மாட்டார்கள். நம்ம பள்ளத்தாக்கு அப்படி. கீழே வெயில், மேலே பனி. போடியிலிருந்து போடிமெட்டு போக 17 கொண்டை ஊசி வளைவு. ஏறி முடிப்பதற்குள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் கூடிவிடும். ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அப்படியே மூணாறு போனால் ஜனவரி விடியற்காலையில் பூஜ்யத்தைத் தொடும் நாட்களும் உண்டு.

புது காரில் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நான் சொல்வது பழைய அம்பாசிடர், பியட், வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்களுக்கு. இந்த வண்டிகளில் ஹீட்டர் மாட்டலாமா என்று கேட்டால், கட்டாயம் மாட்டலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் மாட்டுகிற முறையில் மாட்டணும்.

முதலில், ஹீட்டர் என்றால் கை கால் சூடாக வைத்துக்கொள்ளும் சொகுசு என்று நினைக்கிறோம். அதைவிட முக்கியமான வேலை கண்ணாடியைத் தெளிவாக்குவது. மழையில் நனைந்த ஐந்து பேர் ஜன்னலை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் அவர்கள் மூச்சுக்காற்றே முன்கண்ணாடியின் உள்பக்கம் படிந்துவிடும். வைப்பர் வெளியே மட்டும்தான் துடைக்கும். டிரைவர் ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையில் துணி என்று கொண்டை ஊசி வளைவில் திருப்புவார். வெளியே மழைத்தண்ணி நிற்காமல் ஓட புகையிலையைத் தேய்ப்பது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். உள்ளே படியும் ஈரத்துக்குச் சூடான காற்றுதான் மருந்து. கண்ணாடி கொஞ்சம் சூடேறினால் அதில் ஈரம் படியாது. அவ்வளவுதான் விஞ்ஞானம்.

இரண்டாவது காரணம் இன்னும் சுவாரஸ்யமானது. பழைய வண்டிகள் மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து, ஓரமாக நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவது நமக்குத் தெரிந்த காட்சி. ஹீட்டர் என்பது என்ன? எஞ்சினில் சுற்றும் சுடுதண்ணீரை டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாக அனுப்பி, பின்னால் ஒரு ஃபேன் வைப்பது. அதாவது எஞ்சினுக்கு இரண்டாவது ரேடியேட்டர்! முள் சிவப்பை நோக்கிப் போகும்போது ஜன்னலை இறக்கிவிட்டு ஹீட்டரைப் போட்டால் எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும். வெயில் காலத்தில் தண்ணீர்க் குழாயின் டேப்பை மூடிவிட்டால் ஹீட்டர் இருப்பதே தெரியாது.

"விண்டேஜ் வண்டியில் புதுசாக எதையும் மாட்டினால் அதன் மதிப்பு போய்விடும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளுக்கு 'விஏ' என்ற தனி வரிசையில் நம்பர் வாங்கலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஆனால் நாலு போல்ட்டில் நிற்கும், நாளைக்கே கழற்றிவிடக் கூடிய ஒரு பெட்டியைப் பெரிய மாற்றம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தவிர, விஏ நம்பர் வாங்கிய வண்டியை தினசரி ஓட்டவே கூடாது. மலைக்குப் போகிற வண்டிக்கு அந்த நம்பர் ஒத்துவராது. இன்னொன்று, அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. 1950களில் அங்கே பல கார்களுக்கு ஹீட்டரைத் தனிக் காசு கொடுத்துத்தான் வாங்கி மாட்டினார்கள். ஆக, பிறகு மாட்டுவதும் பழைய வழக்கம்தான்.

சரி, எதை மாட்டக் கூடாது? 12 வோல்ட்டில் சொருகும் சின்ன ஹீட்டர்களை நம்பாதீர்கள். 150 வாட் ஹீட்டர் பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். வீட்டு ரூம் ஹீட்டரே 1000, 2000 வாட். பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பழைய டைனமோ முழு வேகத்திலேயே சுமார் 20 ஆம்பியர்தான் தரும். ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடும் ராத்திரியில் இதையும் சேர்த்தால் பேட்டரி இறங்கிவிடும். சுடுதண்ணீர் ஹீட்டரில் ஃபேனுக்கு மட்டும்தான் கரண்ட். சூடு இலவசம், எஞ்சின் எப்படியும் வெளியே தள்ளுகிற சூடு அது.

சைலன்ஸர் சூட்டை உள்ளே திருப்புவது, அடுப்புக்கரி தணலை வண்டிக்குள் வைப்பது இரண்டும் உயிருக்கு உலை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் மாதிரி வந்து ஆளை முடித்துவிடும். இதே காரணத்துக்காக, ஹோஸ் குழாய் உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கமாக அடைக்க வேண்டும். எஞ்சின் பக்கத்துப் புகை உள்ளே வரக் கூடாது.

கடைசியாக ஒன்று. சமவெளிப் பட்டறைகளில் "சூடாகுது" என்றாலே தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது வழக்கம். அது இல்லாவிட்டால் மலைக் குளிரில் எஞ்சின் சரியான சூட்டுக்கே வராது, ஹீட்டரிலும் வெதுவெதுப்பான காற்றுதான் வரும். முதலில் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு, பழைய ஹோஸ்களை மாற்றிவிட்டு, அப்புறம் ஹீட்டர் மாட்டுங்கள்.

பழைய காரைத் துடைத்து ஷெட்டில் நிறுத்துவது ஒரு ரசனை. அதைப் போடிமெட்டு வரை ஓட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பி வருவது இன்னொரு ரசனை. எனக்குப் பிடித்தது இரண்டாவது. அதற்கு முதலில் ரோடு கண்ணுக்குத் தெரியணும் இல்லையா?