இரட்டைக் காசு முடிச்சு

முடிச்சு என்றால் நமக்குத் தொல்லை. நகத்தால் நெருடி அவிழ்க்க வேண்டியது! சீனர்களுக்கோ அது மங்கலப் பொருள். அவர்கள் மொழியில் முடிச்சைக் குறிக்கும் எழுத்தைப் பாருங்கள்: இடது பாதி பட்டு நூல், வலது பாதி 'சுபம்'. விசிறி, புல்லாங்குழல், மூக்குக் கண்ணாடி உறை எல்லாவற்றிலும் முன்பு வர்ண முடிச்சுகள் தொங்கின.

கைக்குக் கை வந்த இந்த வேலை இருபதாம் நூற்றாண்டில் மெள்ள மறையத் தொடங்கியது. 1970களில் தைவானில் லிடியா சென் என்ற மாது பழைய முடிச்சுகளைத் தேடிப் பிடித்து, போடும் முறையை ஆராய்ந்து எழுதிவைத்தார். 1982இல் ஆங்கிலத்திலும் அவருடைய புத்தகம் வந்தது. இல்லாவிட்டால் எத்தனை முடிச்சுகள் பாட்டிமார்களோடு போயிருக்குமோ!

எளிதான ஒன்றைப் போட்டுப் பார்ப்போமா? சதுரத் துளையிட்ட பழைய சீனக் காசுகள் இரண்டு பாதி படிந்து கிடப்பதுபோல் இருப்பதால் இதற்கு இரட்டைக் காசு முடிச்சு என்று பெயர்.

இரண்டு முழம் வழவழப்பான கயிறு போதும். பாதியாக மடித்து, மடிப்பு மேலே இருக்கும்படி மேஜையில் வையுங்கள். இடது கயிற்றை வலப்பக்கம் கொண்டுபோய், மேலாக வளைத்துத் திருப்பி, தன் மேலேயே தாண்டவிட்டு, நுனியை இடப்பக்கம் கீழே விடுங்கள். ஒரு வளையம் கிடைத்துவிட்டது. வலது கயிற்றை அந்த வளையத்துக்கு அடியில் கீழே இறக்குங்கள். வளையம் முழுதும் அதன்மேல் படுத்திருக்கட்டும்.

இனி வேலையெல்லாம் வலது நுனிக்குத்தான். இடப்பக்கம் திரும்பி, இடது நுனிக்கு மேல். மடிப்பிலிருந்து இறங்கும் இடது கயிற்றுக்கு அடியில். பிறகு வலப்பக்கம் திரும்பி, வளையத்தின் மேல் விளிம்புக்கு மேல். உள்ளே தன் கயிற்றுக்கே அடியில். கீழ் விளிம்புக்கு மேலாக வெளியே. ஜடை பின்னும் கைகளுக்கு இந்த மேல் கீழ்க் கணக்கு தப்பாது.

அவசரப்பட்டு இரண்டு நுனிகளையும் வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள்! அழகான பின்னல் சுருண்டு வெறும் கட்டியாகிவிடும். தளர்ச்சியை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக நுனிப்பக்கம் தள்ளிக்கொண்டே வரவேண்டும். போடுவதைவிட இதற்குத்தான் பொறுமை வேண்டும். இதழ்கள் சமமாக அமைந்ததும் பின்புறம் அதே வர்ண நூலால் இரண்டு தையல் போட்டுவிட்டால், சாவிக் கொத்தில் தொங்கினாலும் நெகிழாது.