கணக்கை அடுத்தவன் கையில் கொடுத்த வியாபாரச் சமுதாயமே!



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நம் வீடுகளில் நடப்பது என்ன? மதிப்பெண் வாங்கியவனுக்கு அறிவியல் குரூப். "இவன் தேறமாட்டான்" என்று ஒதுக்கப்பட்டவனுக்குக் காமர்ஸ் குரூப். அதுவும் வேண்டாம் என்றால் இருக்கவே இருக்கிறது அத்தாவின் கடைக் கல்லா!

வியாபாரத்தையே வாழ்வாகக் கொண்ட சமுதாயம், வியாபாரக் கல்வியைத் தேறாதவனின் கல்வியாக நினைக்கிறது. இதைவிட வேதனை உண்டா?

நம் கண்ணெதிரே சென்னைத் துறைமுகம். வடக்கே 2001 முதல் இயங்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகம். அதை அடுத்துக் காட்டுப்பள்ளி. இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்த லாரியில் கிளீனராக நம் பிள்ளை இருக்கிறான். சரக்குக்கான சுங்கப் பத்திரம் தயாராகும் மேசையில் நம் பிள்ளை எங்கே? சுங்கத் தரகர் உரிமம் பெறப் பட்டப்படிப்பு வேண்டும்; அவரிடம் ஊழியராகச் சேரவே பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும் என்கின்றன 2018ஆம் ஆண்டு விதிகள். பத்தோடு நின்றவன் வாசலோடு நிற்க வேண்டியதுதான்!

வியாபாரிகளே, உங்களிடமும் ஒரு வார்த்தை. ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் வரி நோட்டீஸ் ஒன்றை என்னிடம் நீட்டினார். முப்பது வருட வியாபாரம். நாணயமானவர். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லை, கல்லாவில் அமரும் மகனுக்கும் தெரியவில்லை. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது. நமக்குச் சரக்கு விற்றவர் தன் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால், நாம் கட்டிய வரியை நாம் கழிக்க முடியாது. துண்டுச்சீட்டும் ஞாபக சக்தியும் இனி வியாபாரத்தைக் காப்பாற்றுமா? சிந்தியுங்கள்!

"கணக்குப் படித்தால் வட்டிக் கணக்கு எழுத வேண்டி வருமே, ஹராம் இல்லையா?" என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான அச்சம்தான். வட்டியை எழுதுபவனையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. அந்த வேலைக்குப் போகாதே! ஆனால் வேலை வேறு, கல்வி வேறு. அல்பகரா அத்தியாயத்தைத் திறந்து பார். 275ஆம் வசனம் முதல் வட்டியைக் கண்டிக்கும் இறைவன், அதைத் தொடர்ந்து 282ஆம் வசனத்தில் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்கிறான். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான்! வட்டியை விட்டு விலகு, கணக்கை விட்டு விலகாதே என்பதல்லவா இதில் நமக்குள்ள பாடம்? கணக்கு தெரியாதவன் ஒப்பந்தத்தில் ஒளிந்திருக்கும் வட்டியை எப்படிக் கண்டுபிடிப்பான்? சரக்கிருப்பும் வரவேண்டிய பாக்கியும் தெரியாதவன் நூற்றுக்கு இரண்டரை ஜகாத்தை எப்படிச் சரியாகக் கொடுப்பான்?

யூசுப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தம்மிடம் நேர்மையோடு அறிவும் இருப்பதைச் சொல்லித்தான் கேட்டார்கள். வெறும் நேர்மை போதும் என்று நாம் இருந்துவிட்டோம்!

இளைஞனே! காமர்ஸ் குரூப்பை வேறு வழியில்லாமல் எடுக்காதே, விரும்பி எடு. முடிந்தால் வணிகக் கணிதம் உள்ள பிரிவைக் கேட்டு வாங்கு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் படிப்பின் ஃபவுண்டேஷன் தேர்வை எழுதலாம். பட்டம் வாங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடினமான தேர்வுதான். அதனால்தான் நம்மில் சிறந்தவன் அதற்குப் போக வேண்டும் என்கிறேன்!

பெற்றோரே! மகளையும் மறந்துவிடாதீர்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்கு வணிகக் கூட்டம் அனுப்பிய வியாபாரி.

ஜமாஅத் நிர்வாகிகளே! மஹல்லாவில் கணக்குப் படிக்கும் பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுங்கள். பத்தாண்டில் நம் பள்ளிவாசல் கணக்கையும் கடைக் கணக்கையும் நம் பிள்ளைகளே எழுதுவார்கள், இன்ஷா அல்லாஹ்.

மறுமையில் ஒவ்வொருவரும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று நம்பும் சமுதாயம் நாம். இம்மையில் கணக்கு எழுதத் தெரியாமல் நிற்கலாமா?