தொட்டில் கட்டிய அறையில் எமனுக்கு என்ன வேலை?

எலிக்கு மருந்து வைத்தார்கள். பலியானது பிள்ளைகள்!

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்த கொடுமை இது. எலித் தொல்லை தாங்காத ஒரு குடும்பம், பூச்சி மருந்து கம்பெனியைக் கூப்பிட்டது. ஆட்கள் வந்தார்கள். மருந்து வைத்தார்கள். போய்விட்டார்கள். ராத்திரி ஏ.சி.யைப் போட்டு எல்லோரும் தூங்கினார்கள். பெற்றவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு பிள்ளைகளும் பிழைக்கவில்லை. போலீஸ் வழக்குப் போட்டது. கைதும் நடந்தது.

இப்படி ஒரு வீட்டில் குழந்தைக்கு ஆபத்து என்றால் தெருவில் முதலில் கேட்கிற பேச்சு என்ன?

"பெத்தவளுக்கு கவனம் வேணாமா?"

இதுதான் வேதனை. சோறு வடிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் 24 மணி நேரமும் கண் கொட்டாமல் பார்க்க எந்தத் தாயால் முடியும்? குழந்தை தூங்கும் அறையை ஆபத்து இல்லாமல் வைப்பது அவள் ஒருத்தி வேலை இல்லை. வேறு பலருக்கும் அதில் பங்கு உண்டு.

<b>மருந்து வைப்பவர் சொல்ல வேண்டும்</b>

பூச்சி மருந்து அடிப்பதைத் தொழிலாகச் செய்ய, 1968-ம் ஆண்டு சட்டப்படி லைசென்சு வேண்டும். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? அலுமினியம் பாஸ்பைடு போன்ற மருந்து, காற்றில் உள்ள ஈரம் பட்டாலே விஷ வாயுவாகிவிடும். அது தானிய குடோனுக்கு உரியது. ஆட்கள் தூங்கும் வீட்டுக்கு அல்ல. "என்ன மருந்து? எத்தனை நாள் வீட்டைப் பூட்டி வைக்கணும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத ஆளை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

<b>ஓனருக்கு கோபம் வரும்!</b>

சென்னையில் வாடகைக் குடித்தனம் இருப்பவர் சுவரில் ஆணி அடிக்கவே பயப்படுகிறார். ஜன்னலுக்கு கம்பி போட வேண்டும் என்றால், "வேணும்னா உங்க செலவிலே போட்டுக்குங்க" என்று பதில் வருகிறது.

நியூயார்க்கில் கதையே வேறு. அங்கே 1976-ல் ஒரு விதி வந்தது. மூன்று அல்லது அதற்கு மேல் குடித்தனம் உள்ள கட்டடத்தில், 10 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால், ஜன்னல் தடுப்பை ஓனர் போட்டே தீர வேண்டும். நாலரை அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. மாடியில் இருந்து விழும் பிள்ளைகளின் எண்ணிக்கை அங்கே குறைந்தது.

தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019-ல் அமலுக்கு வந்தது. வீட்டுக்குள் ஓடும் மின்சார ஒயரிங்கை சரியாக வைப்பது ஓனர் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. ஜன்னல் கம்பிக்கும் ஒரு வரி சேர்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அடுக்கு மாடி கட்டி விற்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அழகுக்காகப் படுக்கை வாட்டத்தில் போடும் பால்கனி கம்பி, தவழ்ந்து எழுகிற பிள்ளைக்கு ஏணி!

<b>ஒரு சாண் உயரத்தில் ஆபத்து</b>

பிளக் பாயிண்ட் தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. குழந்தையின் விரலும் அதே உயரத்தில் இருக்கிறது. உள்ளே 230 வோல்ட். உள்ளுக்குள் மூடி வைத்த பாயிண்டு எல்லா எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கிறது. அதோடு ஆர்.சி.சி.பி. என்ற கருவியை மாட்டினால், 30 மில்லி ஆம்பியர் கரண்டு தடம் மாறினாலே கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். "டிரிப்பர்தான் இருக்கே" என்று சும்மா இருக்கக் கூடாது. சாதாரண டிரிப்பர் ஒயரைக் காப்பாற்றும். ஷாக் அடித்த பிள்ளையைக் காப்பாற்றாது.

<b>பாட்டி கோபிக்கக் கூடாது</b>

தூளியில் பல தலைமுறை வளர்ந்தது. உண்மை. ஆனால் குழந்தை இறங்கிய பிறகும் சேலை தொங்கிக்கொண்டே இருக்கிறது. பெரிய பிள்ளைகள் அதில் சுற்றிச் சுற்றி விளையாடுகிறார்கள். முறுக்கிய சேலை கழுத்தை இறுக்கி எத்தனை பிள்ளைகள் போய்விட்டார்கள்! குழந்தை எழுந்ததும் சேலையை அவிழ்த்து மடித்து வையுங்கள். ஒரு நிமிஷ வேலை.

தலை உருண்டையாக வர கடுகு தலையணை வைக்கிறார்கள். முதல் வருஷம் தலையணையே வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் சரி. 1994-ல் அமெரிக்காவில் இதைப் பிரசாரம் செய்தார்கள். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

குழந்தைத் துணியில் பாச்சை உருண்டை போட்டு வைப்பதும் வேண்டாம். ஜி-6-பி.டி. என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்த வாசனையே ரத்த அணுக்களை உடைக்கும். மஞ்சள் காமாலை முற்றும்.

கொசுவத்தி? ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்தூசி, 75 முதல் 137 சிகரெட் புகையில் வருவதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. மூடிய அறையில் பச்சைக் குழந்தைக்கு இது தேவையா? கொசுவலை போதும். புகையும் இல்லை, கரண்டு செலவும் இல்லை.

<b>அப்பாவுக்கு ஒரு வேலை</b>

பிள்ளை பிறந்ததும் பொம்மை வாங்க ஓடும் அப்பாக்கள், அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கட்டும். அறையில் முட்டி போட்டுத் தவழ்ந்து பார்க்கட்டும். ஆடுகிற பீரோவை சுவரோடு சேர்த்து அடிக்கட்டும். கட்டிலை ஜன்னல் ஓரத்தில் இருந்து நகர்த்தட்டும். தொட்டில் கொக்கியை இழுத்துப் பார்க்கட்டும். பாத்ரூம் பக்கெட்டில் தண்ணீரை நிரப்பி விடாமல் கவிழ்த்து வைக்கட்டும். சில அங்குலத் தண்ணீர் போதும், ஒரு குழந்தை மூழ்க!

108-க்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் போராடுவார்கள். ஆனால் அந்த வாசலுக்குப் போகாமல் இருப்பதற்குத்தான் வழி பார்க்க வேண்டும்.

தொட்டிலை ஆட்ட ஒரு தாய் போதும். தொட்டில் கட்டிய அறையைக் காக்க ஓனரும் வேண்டும், எலக்ட்ரீஷியனும் வேண்டும், அப்பாவும் வேண்டும். இவர்கள் யாரையும் கேட்காமல், பெற்றவளை மட்டும் ஏசுவது அநியாயம்!