பற்றுக் கணக்கில் ஏறிய உயிர்கள்



இந்த இதழுக்காக ‘பரதேசி’ படத்தை மறுபடி பார்த்தோம். அதற்கு வித்தான நாவலையும் மறுபடி எடுத்துப் படித்தோம். இயக்குநர் பாலாவின் அந்தப் படம் 2013 மார்ச்சில் வந்தது. நாவல் 1969இல் ‘ரெட் டீ’ என்று ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவர் டாக்டர் பி.எச். டேனியல். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து, அங்கேயே தொழிற்சங்கமும் கட்டியவர். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆக அது தமிழுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. நம் சனங்களின் கதை நம் கைக்கு இவ்வளவு தாமதமாக வந்தது இன்றும் உறுத்துகிறது.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கொடுமையைச் சொல்லும் நாவல் என்றதும் உலகம் ஜோசப் கான்ராடைத்தான் நினைக்கும். காங்கோவைப் பற்றி 1899இல் அவர் எழுதிய கதையை, 1979இல் இயக்குநர் கொப்போலா வியட்நாம் போருக்கு மாற்றி ‘அபோகாலிப்ஸ் நவ்’ எடுத்தார். இரண்டுமே பெரிய ஆக்கங்கள். ஆனால் இரண்டிலும் நாம் பார்ப்பது, வெள்ளைக்காரனின் மனம் எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைத்தான். செத்து விழும் உள்ளூர் மக்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே கான்ராட் மேல் கோபப்பட்டதும் இதற்காகத்தான். டேனியலின் நாவலிலோ முதலில் வருகிறவர்களே தோட்டக் கூலிகளான கறுப்பனும் வள்ளியும். வெள்ளைக்காரத் துரை அவர்களுக்குப் பின்னால்தான் வருகிறான்.

ஆனைமலையில் மனிதரை மனிதர் வதைத்ததற்கு மர்மமான காரணம் ஒன்றும் இல்லை. எல்லாம் கணக்குதான். மழை பொய்த்த திருநெல்வேலிக் கிராமத்துக்குத் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி வருகிறான். முன்பணம் தருகிறான். ரயில் செலவு, குளிருக்குக் கம்பளி, அரிசி, பருப்பு எல்லாம் பற்றுக் கணக்கில் ஏறுகின்றன. அட்டைக் கடியிலும் மலேரியாவிலும் கிடந்து வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. அன்றைக்குத் தின்ற சோற்றுக்குப் பற்று உண்டு. வருடம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் அப்படியே நிற்கும். முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போகிறவரைச் சிறைக்கு அனுப்ப 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. 1920களின் நடுவில் அதை நீக்கினார்கள். மலையில் மட்டும் மேஸ்திரியின் பிடி தளரவில்லை. அந்த மேஸ்திரி நம் ஊர்க்காரன், நம் பேச்சுப் பேசுகிறவன். இதை டேனியல் மறைக்கவில்லை. நாவலில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

படம் நெஞ்சை அறுக்கிறது. செழியனின் ஒளிப்பதிவில் வண்ணம் வற்றிப்போன காடு. பூர்ணிமா ராமசாமிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த சாக்குத்துணி போன்ற உடுப்புகள். தப்பியோடிப் பிடிபட்ட நாயகன் ராசாவின் கால் நரம்பை அறுக்கும் காட்சி. ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. தொழிலாளருக்காக நின்ற ஒரு மருத்துவர் எழுதிய கதை இது. படத்திலோ மருத்துவர், ஆட்டமும் பாட்டமுமாக மதம் மாற்ற வந்தவராகிவிட்டார். இது டேனியலுக்கு நேர்ந்த அநியாயம். படத்தோடு நிறுத்திவிட்டவர்களுக்கு, அந்த மலையில் சங்கம் என்று ஒன்று எழுந்ததே தெரியாமல் போகும்.

சங்கம் என்றதும் எங்களுக்குத் திரு.வி.க. நினைவு வரும். எங்கள் அலுவலகம் இருக்கும் சென்னை ராயப்பேட்டையிலிருந்துதான் அவர் ‘நவசக்தி’ இதழை நடத்தினார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது, அதை நிறுவிய வாடியாவோடு நின்றவர் அவர். பெரம்பூர் ஆலைத் தொழிலாளி சங்கு ஊதியதும் வாசலைத் தாண்டிக் கூட்டத்துக்குப் போக முடிந்தது. மலையிலோ தொழிலாளர் குடியிருந்த லைன் வீடும் நடக்கிற பாதையும் துரைக்குச் சொந்தம். வெளியாள் உள்ளே கால் வைக்க முடியாது. அதனால்தான் சங்கம் அங்கே ஏறிப் போய்ச் சேர அத்தனை காலம் பிடித்தது. தோட்டத்துக்குள்ளேயே வேலை பார்த்த ஒரு மருத்துவர் அதைத் தொடங்க வேண்டியிருந்ததும் அதனால்தான்.

தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் வந்தது. ஆனால் மலையேறிப் பிழைக்கிறவர்களின் கதை அதோடு முடியவில்லை. இன்று ஆனைமலையின் வால்பாறையில் கொழுந்து பறிக்கிறவர்களில் அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதையை யார் எழுதப்போகிறார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தாவோ பாட்டியோ முன்பணம் வாங்கிக்கொண்டு ஆனைமலைக்கோ நீலகிரிக்கோ இலங்கைக்கோ மலையேறிப் போனவர்களாக இருந்தால், வீட்டில் பேசக் கேட்டதை எழுதி அனுப்புங்கள். பழைய கூலிச் சீட்டு, பற்றுவரவு நோட்டு இருந்தால் படம் எடுத்து அனுப்பினால் போதும். எழுத வராதென்று தயங்க வேண்டாம். பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். வருகிற இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்