இரவல் கற்பனை

தமிழ் சினிமாவில் சுயமான கற்பனை அருகிவிட்டது என்ற புகார் நாலா பக்கத்திலும் கேட்கிறது. பழைய படத்தின் பெயர், பழைய பாட்டு, பழைய கதையின் இரண்டாம் பாகம் ஆகியவையே இன்றைய சரக்கு என்கிறார்கள். புகாரில் உண்மை இருக்கிறது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவேண்டியவர் யார் என்பதில்தான் நமக்கு அபிப்பிராய பேதம்.

பிறர் கதையை எடுத்தாள்வது மட்டும் குற்றமாகாது. வால்மீகியின் கதையை எடுத்துக்கொண்ட கம்பனை எவரும் திருடன் என்று சொன்னதில்லை. கம்பனும் ஆதிகவியின் பெயரை மறைக்கவில்லை. ஜப்பானிய டைரக்டர் அகிரா குரோசவா 1957-ல் ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தைத் தம் நாட்டுக் கோட்டைகளுக்கும் போர்வீரர்களுக்கும் உரியதாக்கினார். வாங்கியது கொஞ்சம், சேர்த்தது அதிகம்.

அந்தக் காலமே பொற்காலம் என்று பெருமூச்சு விடுவதும் பொருந்தாது. 1931-ல் 'காளிதாஸ்' வெளிவந்த பிறகு, ஆரம்ப வருஷங்களில் நம் பேசும் படங்களில் மிகப் பல, நாடக மேடையிலிருந்து இறங்கிவந்த புராணக் கதைகளே. ஹிந்தி மெட்டில் தமிழ்ச் சொற்களைத் திணிப்பதும் அன்று சகஜம். 1965-ல் வெற்றிக்கொடி நாட்டிய 'எங்க வீட்டுப் பிள்ளை', அதற்கு முந்தின வருஷத்துத் தெலுங்குப் படமான 'ராமுடு பீமுடு'வின் மறு உருவமே. ஆகவே இரவல் நமக்குப் புதிதல்ல.

புதிதாக வந்திருப்பது பயம். ஒரே படத்தில் மலைபோல் பணத்தைக் கொட்டும் முதலாளி, அதற்கு ஈடு கேட்கிறார். ஜனங்களின் பழைய நினைவே ஈடாக வைக்கப்படுகிறது. 2010-ல் வந்த 'எந்திரன்' 2018-ல் '2.0' ஆயிற்று. 1996-ல் வந்த 'இந்தியன்' 28 வருஷம் கழித்து 2024-ல் இரண்டாம் பாகம் கண்டது. பெயர் தெரிந்த சரக்குக்குக் கடை கிடைக்கிறது. பெயர் தெரியாத எழுத்தாளனோ வாசலில் நிற்கிறான்.

கற்பனை செத்துவிடவில்லை. குடிசைப் பகுதிச் சிறுவர் இருவர் ஒரு பீட்சாவுக்கு ஏங்குவதை வைத்து எடுத்த 'காக்கா முட்டை' 2015-ல் கொட்டகைக்கு வரவில்லையா? வறண்ட கிராமத்தில் தகப்பனும் மகனும் வெயிலில் நடப்பதையே கதையாக்கிய 'கூழாங்கல்', 2021-ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவின் முதற் பரிசைப் பெற்றது. 2023-ல் அது பொது ஜனங்களிடம் வந்தது கொட்டகை வழியாக அல்ல; இணையத்தின் வழியாக. குறை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடவும் முடியாது. தம் நாடகத்தைத் திருடி 1956-ல் 'நியூ டெல்லி' படத்தை எடுத்துவிட்டார்கள் என்று ஆர். ஜி. ஆனந்த் என்பவர் வழக்காடினார். கருத்துக்கு உரிமை கிடையாது, அதை வெளியிட்ட உருவத்துக்கே உரிமை உண்டு என்று சொல்லி, 1978-ல் சுப்ரீம் கோர்ட் அவர் அப்பீலைத் தள்ளியது. தீர்ப்பு நியாயமானதே, கருத்துக்கு வேலி போட்டால் கலையே நடவாது. ஆனால் சட்டத்தின் பிடியில் அகப்படாததெல்லாம் யோக்கியமான காரியம் ஆகிவிடாது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு, ஒரு நூலுக்குத் தாமே கர்த்தா என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. கோர்ட்டுக்குப் போகாமலே அதை மதிப்பது கௌரவம்.

நாம் கேட்பவை மூன்றே. தயாரிப்பாளர்கள் எதை எங்கிருந்து எடுத்தார்களோ அதைத் திரையிலேயே சொல்லட்டும். கதை கொடுத்தவனுக்குப் பெயரும் கூலியும் கொடுக்கட்டும். கொட்டகைக்காரர்கள் சிறிய படத்துக்கும் நாலு பேர் வரக்கூடிய நேரத்தில் ஒரு காட்சி ஒதுக்கட்டும். மூன்றாவது கோரிக்கை பொது ஜனங்களுக்கு. அறிமுகமில்லாத பெயரோடு ஒரு படம் வரும்போது, முதல் வாரத்திலேயே அதைப் போய்ப் பாருங்கள். இரண்டாவது வாரம் வரை அது கொட்டகையில் இருக்கும் என்பதற்கு எவரும் ஜாமீன் தரமாட்டார்கள்.