இசைக்கு மொழியில்லையா? மொன்செராட்டு மலை விடை கூறும்!

“இசைக்கு மொழியில்லை” என்று ஒரு கூட்டம் நம் நாட்டில் நெடுங்காலமாகக் கூவித் திரிகின்றது. மொழியில்லாத அவ்விசைக்குத் தெலுங்கு மட்டும் எங்ஙனம் ஒட்டியது? சமற்கிருதம் எங்ஙனம் இனித்தது? தமிழ் மட்டும் ஏன் கசந்தது? 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய காலத்தே எழுந்த வினாக்கள் இவை. இன்றுவரை நேரிய விடை வந்திலது. இனியும் வாராது, விடை கூறின் வேடம் கலையுமன்றோ?

அவர்கள் கூறாத விடையை ஐரோப்பாவில் ஒரு மலை கூறிக்கொண்டிருக்கின்றது. எசுப்பானிய ஆட்சிக்குட்பட்ட காத்தலோனியாவில், பார்சிலோனா நகர்க்கு வடமேற்கே நிற்பது மொன்செராட்டு மலை. வாளரத்தின் பற்கள்போல் நிரைநிரையாக எழுந்த அதன் பாறைமுகடுகளே அதற்கு அப்பெயரைத் தந்தன. ஒலிபா என்னும் மடத்தலைவர் 1025-ஆம் ஆண்டளவில் நிறுவிய பெனடிக்டுத் துறவியர் மடம் அம்மலைமேல் இருக்கின்றது. அம்மடத்துள் ஒரு சிறுவர் இசைப்பள்ளி. எசுகோலனியா என்பது அதன் பெயர். அங்குச் சிறுவர்கள் பாடியமைக்கு 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுத்துச் சான்று உண்டு. ஐரோப்பாவின் மிகப் பழைய இசைப்பள்ளிகளுள் ஒன்றாக அதனை எண்ணுவர்.

கத்தோலிக்க மடத்துப் பள்ளியைத் தமிழாசிரியன் ஏன் பேசுகின்றான் என்று சிலர் புருவம் நெறிக்கலாம். யான் அவர்தம் சமயத்தைப் பரப்ப வந்திலேன். ஒரு சிற்றினம் தன் மொழியைச் சிறுவர் தொண்டையிற் பொதிந்து காத்த திறத்தைக் காட்டவே வந்தேன்.

அப்பள்ளி நடைபெறும் முறையை முதற்கண் காண்க. ஒன்பது அகவையளவிற் சேரும் சிறுவன் பதினான்கு அகவையளவில் வெளியேறுகின்றான். மடத்திலேயே தங்கிப் பயில்வது நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஏனைப் பள்ளிகளில் உள்ள கணக்கும் அறிவியலும் மொழியும் வரலாறும் அவனுக்கும் உண்டு. அவற்றோடு கூட்டிசையும் இசையிலக்கணமும் பியானோவும் வேறோர் இசைக்கருவியும் கற்கின்றான். ஏறத்தாழ ஐம்பதின்மர்க்கு மேற்படாத சிறு குழாம் அது. கற்றதைத் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு மறப்பதன்று அவர்தம் கல்வி. கோயிலில் மக்கள் முன்னே நாடோறும் பாடிக் காட்ட வேண்டுவது.

ஏன் அவ்விளம் அகவை? ஆண்பிள்ளையின் குரல் பதின்மூன்று, பதினான்கு அகவையளவில் உடைகின்றது. அதற்கு முன்னுள்ள ஐந்தாண்டே அத்தெளிந்த குரலைப் பயன்கொள்ளும் காலம். செவி கூர்மைப்படும் காலமும் அதுவே. அக்காலத்தை விட்டுவிட்டுப் பதினெட்டு அகவையிற் கல்லூரி வாயிலில் இசை கற்பிக்கத் தொடங்குவது, கதிர் முற்றிய பின் நீர் பாய்ச்சுவதை ஒக்கும்.

விளைவு யாது? ஆறு அகவையில் 1736-இல் அப்பள்ளி புகுந்த அந்தோனியோ சொலேர், 18-ஆம் நூற்றாண்டின் பெயர்பெற்ற இசையாக்குநருள் ஒருவரானார். கிதார்க் கருவிக்கு உலகப் புகழ் ஈட்டித் தந்த பெர்னாண்டோ சோர் அங்குப் பயின்றவரே. 1953 முதல் 1997 வரை அச்சிறுவர் குழாத்தை நடத்திய இரெனேயு செகார்ரா என்னும் துறவி, ஏனைப் பள்ளிச் சிறார்க்கும் இசை கற்பிக்கப் பாடநூல் வகுத்தார். மலைமேற் பெற்றது மலையடிக்கும் வந்தது.

இனி, மொழிக்கு வருவோம். அம்மடத்தில் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பெற்ற செந்நிற நூல் ஒன்று உண்டு. திருவழி வந்த மக்கள் கோயில் முற்றத்திற் பாடவும் ஆடவும் விரும்பியதால், அவர்கட்கெனப் பாட்டுகளைத் தொகுத்து வைத்தனர். அவற்றுள் இலத்தீனப் பாட்டுகளும் உள்ளன. மக்கள் பேசிய காத்தலான் மொழிப் பாட்டும் உள்ளது. நெப்போலியன் படை 1811, 1812-ஆம் ஆண்டுகளில் அம்மடத்தை அழித்தபோது மடத்து நூற்செல்வம் பெரும்பாலும் சாம்பலாயிற்று. இரவலாக வெளியே சென்றிருந்தமையால் அந்நூல் மட்டும் பிழைத்தது. நம் ஏடுகளைச் செல்லும் நீரும் தின்ற வரலாற்றை அறிந்த தமிழர்க்கு அவ்விழப்பின் அளவு விளங்கும்.

கத்தோலிக்கத் தலைமை தொடக்கத்திலேயே தாய்மொழிக்கு இடந்தந்ததோ எனின், இல்லை. 1903-இல் பத்தாம் பயசு என்னும் போப்பு வெளியிட்ட ஆணை, சிறப்பு வழிபாடுகளில் மக்கள்மொழிப் பாட்டை விலக்கியது. இலத்தீனமே இறைமொழி என்னும் நிலை, வடமொழியே தேவமொழி என்று நம்மிடம் கூறப்பட்ட புளுகுக்கு உடன்பிறப்பு. அவ்வரண் 1963 திசம்பரில் இரண்டாம் வத்திக்கான் பேரவையின் வழிபாட்டு ஆவணத்தால் திறந்தது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் தம் வழிபாட்டைத் தமிழில் நிகழ்த்துவதும் அதன் பயனே. உரோமைப் பெருந்தலைமையே தாய்மொழிக்கு வழிவிட்டது. ஆனால், சிதம்பரத்துச் சிற்றம்பல மேடையில் தமிழ்த் தேவாரம் பாடுதற்கு 2008-இல் அரசாணையும் காவலர் துணையும் வேண்டியிருந்தன! இவ்வெட்கத்தை எங்குச் சென்று உரைப்பது?

மொன்செராட்டுச் சிறுவர்கள் அவ்வழி திறக்கும் வரை வாய்மூடிக் காத்திருக்கவில்லை. 1880-இல் சசிந்து வெர்தகேர் என்னும் பாவலர் காத்தலான் மொழியில் யாத்து, உரோதொரேடா இசையமைத்த ‘விரோலாய்’ என்னும் மரியன்னைப் பாட்டு அவர்தம் நாவிற் குடிகொண்டது.

1939-இல் பிராங்கோ என்னும் கொடுங்கோலன் வென்றான். பள்ளியிற் காத்தலான் இல்லை, அலுவலகத்தில் இல்லை, செய்தித்தாளில் இல்லை. நாட்டுப்பண்ணும் தடைசெய்யப்பட்டது. அந்நாளில் மக்கள் நெஞ்சில் நாட்டுப்பண்ணின் இடத்தைப் பிடித்து நின்றது அவ்விரோலாய்ப் பாட்டே. 1947-இல் மரியன்னைக்கு அரியணை நிறுவிய விழாவிற் பல்லாயிரவர் மலையேறினர். பொதுவிடத்தில் ஒடுக்கப்பட்ட தாய்மொழி அங்கு மீண்டும் ஒலித்தது. 1959 முதல் மடத்தினர் காத்தலான் மொழியில் இதழ் நடத்தினர். மடத்தலைவர் எசுக்காரே 1963-இல் பிரெஞ்சு நாளிதழ் ஒன்றில் பிராங்கோ ஆட்சியை வெளிப்படையாகக் கடிந்தார். 1965-இல் நாட்டைவிட்டு நீங்க வேண்டியவரானார். 1968-இற் சாகுந்தறுவாயிலேயே தாய்மண் திரும்பினார். 1970 திசம்பரில், பாசுக்கு இனப் போராளிகள்மீது நடந்த படைமன்ற வழக்கை எதிர்த்து, அறிஞரும் கலைஞருமாக ஏறத்தாழ முந்நூற்றுவர் அம்மடத்துட் புகுந்து அறவுரை முழக்கினர்.

இப்பொழுது கேட்கின்றேன்: இசைக்கு மொழியில்லையாயின், ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு பாட்டை ஏன் பற்றிக்கொண்டனர்? அவ்விசையையே எசுப்பானியத்திற் பாடி அமைந்திருக்கலாமே! ஏன் அமையவில்லை? பண் செவிக்குரியது, சொல் நெஞ்சுக்குரியது. சொல்லை மாற்றினால் நெஞ்சும் மாறும். இதனைக் கொடுங்கோலனும் அறிந்திருந்தான். நம் இசைவாணர் சிலரே அறியாதவர்போல் நடிக்கின்றனர்.

ஆயினும் அயலார் செய்தன யாவும் நல்லன என்று கைதட்டுவது அடிமைப் புத்தி. செருமனியின் இரேகன்சுபர்க்கு நகரத்துக் கத்தோலிக்கச் சிறுவர் பாடற்குழாத்தைப் பற்றி 2017-இல் வெளிவந்த அறிக்கை, 1945-க்குப் பிந்திய காலத்தில் அங்கு 547 சிறுவரேனும் அடியாலோ பாலியற் கொடுமையாலோ துன்புற்றனர் எனக் கூறிற்று. உயர்ந்த சுவரும் மூடிய கதவும் கேள்விக்கு உட்படாத தலைமையும் சேரின் இசைக்கூடமும் வதைக்கூடமாகும். எனவே, சிறாரைத் தங்கவைத்து இசை கற்பிக்கும் எவ்விடத்தும் பெற்றோர்க்குக் கதவு திறந்திருத்தல் வேண்டும், வெளியார் கண்காணிப்பு வேண்டும், பிரம்பு கூடாது. மேலும், நூற்றாண்டுகளாக ஆண்பிள்ளைகளுக்கே உரியதாக நடந்த அம்முறையை நாம் அப்படியே எடுத்தல் வேண்டா. காரைக்காலம்மையும் ஆண்டாளும் பாடிய மண்ணிற் பெண்பிள்ளையை வெளியே நிறுத்துவது பெரும்பிழை.

நம் நிலை யாது? யான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் இசையாசிரியர் ஓய்வு பெற்றார். அவ்விடம் நிரப்பப்படவில்லை. இசைப் பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்கியது. ஆர்மோனியப் பெட்டி, உடைந்த இருக்கைகளோடு பின்னறையிற் கிடந்தது. ஒருநாள் ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் பாட்டனிடம் கேட்ட தேவாரத்தை என் வகுப்பிற் பாடினான். குரல் வெள்ளிமணி. வகுப்பு அடங்கியது. அவனை எங்கு அனுப்பிப் பயிற்றலாம் எனத் தலைமையாசிரியரை வினவினேன். “முதலில் ஆங்கிலத்தில் தேறட்டும், ஐயா” என்றார். இரண்டாண்டில் அச்சிறுவன் குரல் உடைந்தது. அவன் குற்றமா அது?

திருஞானசம்பந்தர் சிறுபிள்ளையாகவே பாடினார் என்று பெருமை பேசும் நாடு இது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. ஓதுவார்ப் பயிற்சிப் பள்ளிகளும் உள்ளன. அவற்றை இகழேன். ஆனால், ஒன்பது அகவைப் பிள்ளைக்குப் பொதுக்கல்வியும் தமிழிசையும் ஒரே கூரையின்கீழ்த் தருகின்ற தமிழ்வழிப் பள்ளியே நமக்கு வேண்டுவது. பண்ணும் யாப்பும் யாழும் குழலும் தண்ணுமையும் அங்குப் பாடமாதல் வேண்டும். அதனை மாவட்டந்தோறும் அரசு நிறுவ வேண்டும். மடங்களும் செல்வரும் தம் பங்கைத் தரவேண்டும். தமிழ்க் கிறித்தவர் நடத்தும் பள்ளிகளும் ஆங்கிலப் பாட்டைக் கிளிப்பிள்ளை போற் கற்பிப்பதை விட்டு, மாயூரம் வேதநாயகரின் தமிழ்க் கீர்த்தனைகளைப் பிள்ளைகளுக்குத் தருக.

காத்தலானின் இன்றைய நிலையும் நமக்கு எச்சரிக்கை. காத்தலோனியாவில் அம்மொழியை வழக்கமொழியாகக் கொண்டோர் 2003-இல் நூற்றுக்கு 46 பேர். 2023-இல் 33 பேர் அளவினராகக் குறைந்துவிட்டனர். ஆயிரமாண்டு மடமும் எழுநூறாண்டுப் பள்ளியும் இருந்தும் அவர்க்கு அவ்விடர். ஒன்றுமே செய்யாத நமக்கு எவ்விடரோ?

தமிழ்ப் பெற்றோரே! உங்கள் பிள்ளையின் குரல் உடையுமுன் அதில் ஒரு தமிழ்ப்பண்ணை வையுங்கள். தமிழாசிரியத் தோழர்களே! பின்னறையிற் கிடக்கும் பெட்டியைத் தூசு தட்டி வகுப்பிற்குக் கொணருங்கள். அரசின் வாயிலில் நாம் முழங்குவோம். அதுவரை நம் வீட்டுத் திண்ணையே பள்ளியாகட்டும். பிள்ளை நாவிற் பிழைத்த மொழி சாவதில்லை!